அலை எத்தனை அடி? வில்லியனூர்க் கணினியும் வீராம்பட்டினத்துக் குழாயும்

தொண்ணூறுகளின் கடைசியில், புதுச்சேரிக்கு மேற்கே வில்லியனூரில் ஓர் அலுவலகத்தில் நாள்தோறும் நடந்த வேலை இது. தொலைபேசிக் கம்பியில் மோடத்தைச் சேர்த்து, அது கீச்சிட்டு அடங்கும்வரை காத்திருந்து, அமெரிக்கக் கடற்படையின் வலைத்தளத்துக்குள் போவார்கள். அடுத்த 24 மணி நேரத்தில் வங்காள விரிகுடாவில் எங்கே எவ்வளவு உயரத்துக்கு அலை எழும் என்ற கணிப்பு அங்கே கிடைக்கும். போர்க்கப்பல்காரர்கள் தங்களுக்காகப் போட்டுக்கொண்ட கணிப்பு அது. அதில் புதுச்சேரிக் கரையோரத்துக்கு உரியதை மட்டும் பிரித்தெடுத்து, இரண்டு மூன்று வரித் தமிழாக்கி, வீராம்பட்டினத்துக்கு அனுப்புவார்கள். அங்கே கரையோரமாகக் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கர்களில் அது குரலாக வரும். கட்டுமரத்தைக் கடலில் தள்ளலாமா, இன்றைக்கு வேண்டாமா என்று பார்த்துக்கொண்டிருப்பவர்கள் காது கொடுப்பார்கள்.

இந்தச் சங்கிலியில் இணையம் எதுவரை வந்தது? வில்லியனூர்வரை மட்டும். அதற்கப்புறம் வானொலி அலை, ஒருவரின் கையெழுத்து, ஒருவரின் குரல், சில குழாய்கள். கேட்ட மீனவர் கணினியைத் தொடவில்லை. எழுத்துக் கூட்டிப் படிக்க வேண்டிய அவசியமும் அவருக்கு இல்லை. இன்றைக்கு டிஜிட்டல் இடைவெளி என்று பேசினால் கோபுரம் எத்தனை, டேட்டா என்ன விலை, எத்தனை பேரிடம் கைப்பேசி என்றுதான் கணக்குப் போடுகிறோம். அந்தக் கணக்குப்படி அவர் இணையம் இல்லாதவர். ஆனால் அன்றைய இணையத்தில் அவருடைய பிழைப்புக்கு உதவும்படி இருந்த ஒரு விஷயம், அவர் கடலில் இறங்கும் முன்பே அவரிடம் வந்துவிட்டது.

கேட்டுவிட்டு வைத்த கணினி

தரமணியில் இருக்கும் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் நடத்திய திட்டம் இது. தகவல் தொழில்நுட்பம் எட்டாதவர்களை எட்டுவது எப்படி என்று 1992இலேயே அந்த நிறுவனம் சென்னையில் ஒரு கலந்தாய்வு நடத்தியிருந்தது. கனடாவின் பன்னாட்டு வளர்ச்சி ஆராய்ச்சி மையம் நிதி தர, 1998 ஜனவரியில் புதுச்சேரி கிராமங்களில் வேலை தொடங்கியது. வி. பாலாஜி, சுப்பையா அருணாசலம் ஆகியோர் இதன் பின்னால் இருந்தவர்களில் முக்கியமானவர்கள். ஆவணங்களில் இதன் பெயர் தகவல் கிராம ஆய்வுத் திட்டம். ஊரில் கிராம அறிவு மையம், சுருக்கமாக சென்டர்.

அப்போதைய நிலைமையை இப்போது நினைத்துப் பார்ப்பது கொஞ்சம் கடினம். கிராமத்தில் தொலைபேசி என்றாலே எஸ்டிடி பூத்துதான். மின்சாரம் எப்போது வரும், எப்போது போகும் என்று சொல்ல முடியாது. விண்டோஸில் யூனிகோட் தமிழ் இல்லை. ஆளுக்கொரு எழுத்துரு, எழுத்துருவுக்கொரு குறியேற்றம். ஒரு கணினியில் அடித்த தமிழ் இன்னொன்றில் கட்டம் கட்டமாகத் தெரியும். தமிழ்99 விசைப்பலகையைத் தரப்படுத்திய தமிழ்நெட் மாநாடு நடந்ததே 1999 பிப்ரவரியில்தான். ஆங்கில விசைப்பலகையிலேயே தமிழை அடிக்க ஒரு வழி செய்துகொண்டு இவர்கள் வேலையைத் தொடங்கிவிட்டார்கள். தரம் வரட்டும் என்று உட்கார்ந்திருந்தால் ஒரு வருடம் போயிருக்கும்.

கணினியைக் கொண்டுபோய் இறக்குவதற்கு முன் ஊரில் உட்கார்ந்து பேசினார்கள். இப்போது உங்களுக்கு விவரம் எங்கேயிருந்து வருகிறது, யாரிடம் கேட்கிறீர்கள், எதை நம்புகிறீர்கள்? பக்கத்து வீட்டுக்காரர், கடைக்காரர், சந்தை என்பதுதான் பெரும்பாலும் பதில். வேண்டியதும் ஊருக்கு ஊர் மாறியது. நெல் போடும் ஊரில் விலையும் மாட்டு வைத்தியமும். கடலோரத்தில் அலையும் காற்றும். ஆகவே எல்லா ஊருக்கும் ஒரே பெட்டி என்ற பேச்சு தொடக்கத்திலேயே அடிபட்டுப்போனது.

அமைப்பு இப்படி. வில்லியனூர் நடுமையம். அங்கே மட்டும் தொலைபேசி வழி இணையம். எம்பலம், வீராம்பட்டினம், நல்லவாடு போன்ற ஊர்களில் கிளை மையங்கள். நடுவே கம்பி கிடையாது. போலீஸ் வண்டியில் பார்த்திருப்போமே, அந்த வகை இருவழி வானொலிக் கருவிகளை வைத்து, பேச்சையும் கணினித் தகவலையும் அதிலேயே அனுப்பினார்கள். மின்சாரம் போனால் சமாளிக்கச் சூரியத் தகடுகள். கருவிகளைத் திட்டம் தரும். இடத்தையும் ஆட்களையும் ஊர் தர வேண்டும். மையத்தில் வேலை பார்த்த தன்னார்வலர்களில் பெரும்பாலோர் உள்ளூர்ப் பெண்கள். சேவைக்குக் காசு கிடையாது.

பெண்கள் என்பதை நல்ல மனசுக்காகச் செய்த ஏற்பாடாக மட்டும் நான் பார்க்கவில்லை. கணினி பழகிய பையன் ஆறு மாதத்தில் டவுனுக்கு வேலைக்குப் போய்விடுவான். பயிற்சி கொடுத்த காசு அவனோடு போய்விடும். ஊரிலேயே இருக்கப்போகிறவருக்குக் கற்றுக்கொடுத்தால் கற்றது ஊரில் தங்கும். அதோடு இன்னொன்று: மையத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தால்தான் இன்னொரு பெண் உள்ளே வந்து தன் கர்ப்பத்தைப் பற்றியோ குழந்தையின் வயிற்றுப்போக்கைப் பற்றியோ கேட்பார்.

எம்பலத்தின் இரண்டாவது கதவு

எம்பலத்தில் ஊர் கொடுத்த இடம் கோயில். நூறாண்டுப் பழமையான கோயிலின் ஒரு பகுதியில் கணினி வந்து உட்கார்ந்தது. நம் ஊரில் கோயிலுக்குள் யார் வரலாம், எப்போது வரலாம் என்பது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். கருவறைக்குப் போகும் வாசலில் பழைய வழக்கம் அப்படியே இருந்தது. தலித்துகள் தாண்டக்கூடாது. மாதவிலக்கு நாளில் பெண்கள் தாண்டக்கூடாது. கணினி அறைக்குத் தனிக் கதவு. அந்தக் கதவு வழியே யார் வேண்டுமானாலும் வரலாம்.

இந்தக் கதவைப் பற்றி வெளிநாட்டுப் பத்திரிகைகள்கூட வியந்து எழுதின. வியப்பில் எனக்கும் பங்கு உண்டு, ஆனால் கொஞ்சம் நெருடலும் உண்டு. ஒரே கட்டடத்தில் ஒரு கதவு திறந்து இன்னொன்று மூடியே கிடப்பதை முன்னேற்றம் என்பதா, சமரசம் என்பதா? எம்பலத்துக்காரர்களைக் கேட்டால் அதையும் இதையும் சேர்த்துத்தான் சொல்வார்கள் என்று நினைக்கிறேன். திட்டக்காரர்கள் ஒரு நிபந்தனையில் மட்டும் கறாராக இருந்தார்கள்: மையத்துக்குள் எல்லாரும் வர முடிய வேண்டும், தலித் குடியிருப்பிலிருந்து வருகிறவர் உட்பட. தனியார் வீட்டுத் திண்ணையிலோ முன்னறையிலோ வைத்தால் வீட்டுக்காரருக்கு வேண்டியவர்களின் இடமாக அது மாறிவிடும். பொது இடம் என்பதை அதனால்தான் விடாமல் பிடித்துக்கொண்டார்கள்.

இதே காலத்தில் மதுரை மாவட்டம் மேலூர்ப் பக்கம் நடந்த ஒன்றை இங்கே சேர்த்துப் பார்ப்பது உதவும். சென்னை ஐஐடி உருவாக்கிய கார்டெக்ட் என்ற கம்பியில்லாத் தொழில்நுட்பத்தை வைத்து, 2001 முதல் கிராமங்களில் இணையக் கூடங்கள் திறந்தார்கள். சாரி திட்டம் என்று பெயர். அரவிந்த் கண் மருத்துவமனைக்குக் கண்ணைப் படமெடுத்து அனுப்பி ஆலோசனை கேட்கும் வசதியெல்லாம் இருந்தது. யார் வந்தார்கள் என்று ஆய்வாளர்கள் பின்னால் பார்த்தபோது, படித்த இளைஞர்களும் பள்ளிப் பிள்ளைகளுமே அதிகம். ஆனால் ஒடுக்கப்பட்டவர்களின் குடியிருப்புக்கு அருகே கூடம் இருந்த ஊர்களில் அவர்களின் வருகை கூடியது. இணையத்தின் வேகத்தைவிட, கூடம் எந்தத் தெருவில் இருக்கிறது என்பது பெரிய விஷயமாக இருந்தது. எந்த டீக்கடையில் உட்காரலாம் என்று யோசித்துப் பழகியவருக்கு இதை யாரும் ஆய்வு செய்து சொல்ல வேண்டியதில்லைதான்.

பட்டியலில் பெயர்

அலைச் செய்தி அளவுக்குப் பேசப்படாத இன்னொரு வேலையும் மையங்களில் நடந்தது. வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ள குடும்பங்களின் பட்டியலைப் புதுச்சேரி அரசிடமிருந்து வாங்கிக் கணினியில் ஏற்றினார்கள். பக்கத்திலேயே அரசுத் திட்டங்களின் விவரம்: யாருக்கு, எவ்வளவு, எந்த ஆபீசில் எந்த மனு.

இதில் தொழில்நுட்பம் என்று சொல்ல ஒன்றுமில்லை. ஒரு பட்டியல், அவ்வளவுதான். ஆனால் பட்டியலில் தன் பெயர் இருக்கிறதா இல்லையா என்பது அதுவரை அலுவலக அலமாரிக்கும் அதன் சாவியை வைத்திருப்பவருக்கும் மட்டும் தெரிந்த விஷயம். விதவை உதவித்தொகைக்கு நடையாய் நடப்பவரிடம் "உன் பேரு இல்லம்மா" என்று சொல்லி அனுப்புவது சுலபம். பேர் இருக்கிறது என்று அவர் முதல் நாளே பார்த்துவிட்டு வந்தால் பேச்சு வேறு மாதிரி போகும். அலை உயரம் யாருக்கும் எதிரி இல்லை. இந்தப் பட்டியலுக்கு எதிரிகள் இருந்திருப்பார்கள். சமூகத் தொழில்நுட்பம் என்று பெரிய பேர் வைத்துச் சொல்வதில் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இதுதான்.

மையத்துக்கு வர முடியாதவர்களுக்காகக் கரும்பலகையில் எழுதிப் போட்டார்கள். "நம்ம ஊரு செய்தி" என்று ஒரு சிறு பத்திரிகையும் அச்சடித்தார்கள். கணினித் திட்டம் காகிதப் பத்திரிகை நடத்துவது வேடிக்கையாகத் தோன்றலாம். டீக்கடையில் ஒருவர் உரக்கப் படிக்க நாலு பேர் கேட்கும் ஊரில் அது சரியான கணக்கு.

1999இல் மோட்டரோலா நிறுவனத்தின் விருது, 2001இல் ஸ்டாக்ஹோம் சேலஞ்ச் விருது என்று பாராட்டுகள் வந்தன.

குழாய்க்குப் பழகிய காது

வீராம்பட்டினத்துக்குத் திரும்புவோம். செங்கழுநீர் அம்மன் கோயில் ஆடித் தேருக்குப் பேர்போன ஊர். பிரெஞ்சுக்காரர் காலத்தில் கவர்னர் வந்து வடம் பிடித்த தேரை இன்றும் துணைநிலை ஆளுநர் வந்து பிடிக்கிறார். கொஞ்சம் தள்ளி அரிக்கமேடு. ரோமாபுரியோடு வணிகம் செய்த துறைமுகம். கடலின் போக்கை அறிந்து சொல்லும் வேலை அந்தப் பக்கத்துக்குப் புதிதல்ல.

அதனால்தான், வெளியிலிருந்து வந்த அலைக்கணக்கை அங்கே நம்பவைப்பது எளிதாக இருந்திருக்க முடியாது. வாடைக்காற்று, கொண்டல், கச்சான், சோழகம் என்று காற்றுக்குப் பேர் வைத்து, மேகத்தையும் நீரோட்டத்தையும் பார்த்துத் தொழிலுக்குப் போகிறவர்கள். "கடல் மிதமானது முதல் சற்றுக் கொந்தளிப்பானது வரை காணப்படும்" என்று வானிலை அறிக்கைத் தமிழில் சொன்னால் சிரித்துவிட்டுப் போவார்கள். அலை எத்தனை அடி, காற்று எந்தப் பக்கம், எப்போதிலிருந்து? இவ்வளவுதான் வேண்டும். நாலு நாள் சொன்னது சரியாக இருந்தால் ஐந்தாம் நாள் நின்று கேட்பார்கள். குழாயை ஒரு நாளில் கட்டிவிடலாம். அதைக் கேட்கும் பழக்கத்துக்கு மாதங்கள் ஆகும்.

வானொலியே வைத்திருக்கலாமே என்று கேட்கலாம். சமூக வானொலிக்கு அன்று வழியில்லை. அலைவரிசை பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995இல் சொல்லியிருந்தாலும், தொண்டு நிறுவனங்கள் சமூக வானொலி நடத்தலாம் என்று கொள்கை வந்தது 2006இல். குழாய்க்கு டெல்லியில் உரிமம் கேட்க வேண்டாம்.

அந்தப் பழக்கத்தின் மதிப்பு தெரிந்தது 2004 டிசம்பர் 26 அன்று, பக்கத்து ஊரான நல்லவாட்டில்.

ஞாயிற்றுக்கிழமை காலை. சுமத்ராவில் நிலம் நடுங்கிச் சில மணி நேரம் ஆகியிருந்தது. இந்தியாவில் அப்போது ஆழிப்பேரலை எச்சரிக்கை அமைப்பே கிடையாது. ஹைதராபாத்தில் அது வந்தது 2007இல். நல்லவாட்டைச் சேர்ந்த ஓர் இளைஞர் சிங்கப்பூரில் வேலையில் இருந்தார். ஊரில் இருந்தபோது அறிவு மையத்தில் தன்னார்வலராக இருந்தவர். தொலைக்காட்சியில் செய்தியைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போன் செய்கிறார். எடுத்த தங்கை, கடல் தண்ணீர் ஊருக்குள் வருகிறது என்கிறார். கிளம்பு, எல்லாரிடமும் சொல் என்கிறார் இவர். மையத்துக்கும் தகவல் போகிறது. மையம் பூட்டியிருக்கிறது. கதவை உடைத்து உள்ளே போய், அலைச் செய்தி சொல்லும் அதே ஒலிபெருக்கியில் எல்லாரும் ஓடுங்கள் என்று அறிவிக்கிறார்கள். சுமார் 500 குடும்பங்கள், 3,600 பேருக்கு மேல் இருந்த ஊர். படகுகள் போயின, வீடுகள் போயின. உயிர் ஒன்றும் போகவில்லை. அன்று தமிழ்நாட்டில் மட்டும் இறந்தவர்கள் ஏறத்தாழ 8,000 பேர்.

இந்தச் சம்பவத்தைத் தொழில்நுட்பத்தின் வெற்றி என்று எழுதுகிறவர்கள் உண்டு. நான் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கிறேன். அன்று கணினி எதையும் செய்யவில்லை. இணையம் எதையும் செய்யவில்லை. வேலை தேடிக் கடல் தாண்டிப் போன ஒருவருக்கு ஊர் நினைவு இருந்தது. எங்கே தகவல் சொன்னால் ஊர் முழுக்கப் பரவும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. குழாயில் வந்தால் அது உண்மையாக இருக்கும் என்று ஊருக்குத் தெரிந்திருந்தது. ஆறு வருட அலைச் செய்தி சேர்த்துவைத்த நம்பிக்கை அந்தச் சில நிமிடங்களில் செலவானது. அதே தகவல் இன்றைய வாட்ஸ்ஆப்பில் ஒரு பார்வர்டாக வந்திருந்தால் எத்தனை பேர் எழுந்து ஓடியிருப்பார்கள்? பாதிப்பேர் வதந்தி என்றிருப்பார்கள், மீதிப்பேர் மத்தியானம்தான் பார்த்திருப்பார்கள். குழாய்ச் சத்தத்தை ம்யூட் செய்ய முடியாது.

பெருக்கியபோது என்ன ஆனது

நன்றாக நடந்த ஒன்றைப் பெருக்கத்தானே தோன்றும். சுதந்திரத்தின் 60ஆம் ஆண்டுக்குள் ஒவ்வொரு கிராமத்திலும் அறிவு மையம் என்ற முழக்கத்தோடு மிஷன் 2007 என்ற கூட்டியக்கம் உருவானது. இந்தியாவில் ஏறத்தாழ 6 லட்சம் கிராமங்கள். மத்திய அரசு 2006இல் பொதுச் சேவை மையங்களுக்கு ஒப்புதல் தந்தது. முதல் இலக்கு 1 லட்சம். தமிழ்நாட்டில் இன்று நமக்குத் தெரிந்த முகம் இ-சேவை மையம்.

இ-சேவை மையத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். சாதிச் சான்றிதழுக்குத் தாலுகா ஆபீஸ் வாசலில் மூன்று நாள் காத்துக் கிடந்த தலைமுறைக்கு அது என்ன என்று தெரியும். ஆனால் அது வேறு பிராணி. நடத்துகிறவருக்கு மனுவுக்கு இவ்வளவு என்று வருமானம். மனு போட வருகிறவர் வாடிக்கையாளர். அலை எத்தனை அடி என்று குழாயில் சொல்வதற்கு யாரிடம் காசு வாங்குவது? ஒரு ஊருக்கே சொன்னதற்கு ரசீது போட முடியாது. மேலூரில் கட்டணத்தில் ஓடவேண்டியிருந்த கூடங்கள் பல, சில ஆண்டுகளிலேயே மூடிப்போனதற்கு வருமானம் போதாததும் நீண்டகாலத்துக்குத் தாங்கிப்பிடிக்கும் நிறுவனம் இல்லாததும் முக்கியக் காரணங்கள். புதுச்சேரியில் தாங்கிப்பிடிக்க ஒரு நிறுவனம் இருந்தது, அதற்கு வெளியிலிருந்து நிதி வந்தது. இதை மறைத்துவிட்டு மாதிரியை மட்டும் எடுத்துப்போனால் அது நிற்காது. சந்தாவில் ஓடும் நூலகத்தையும் வரிப்பணத்தில் ஓடும் நூலகத்தையும் ஒன்றென்று நினைப்பது மாதிரி.

கைப்பேசி வந்த பிறகு

அப்புறம் கைப்பேசி வந்தது. அறிவு மையத்தின் பாதி வேலையை அது எடுத்துக்கொண்டது. சுவாமிநாதன் நிறுவனமே குவால்காம், டாடா டெலிசர்வீசஸ் ஆகியவற்றோடு சேர்ந்து ஃபிஷர் ஃபிரண்ட் என்ற மீனவர் செயலியைக் கொண்டுவந்தது. முதலில் சாதாரணக் கைப்பேசியில், பிறகு ஆண்ட்ராய்டில். அலை உயரம், காற்று, மீன் கிடைக்க வாய்ப்புள்ள பகுதி, இலங்கைக் கடல் எல்லை நெருங்கினால் எச்சரிக்கை. தரவு இப்போது அமெரிக்கக் கடற்படையிடமிருந்து வாங்க வேண்டியதில்லை. ஹைதராபாத்தில் இருக்கும் இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம், அதாவது இன்காய்ஸ், தருகிறது.

இந்த இடத்தில் இரண்டு ஓட்டைகள். ஒன்று, கைப்பேசி யார் கையில் என்பது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், இணையத்தை ஒரு முறையாவது பயன்படுத்தியதாகச் சொன்ன ஆண்கள் 57.1 சதவீதம், பெண்கள் 33.3 சதவீதம். குழாய்க்கு இந்த வித்தியாசம் தெரியாது. கரையில் மீன் கூடையோடு நிற்கும் அம்மாவுக்கும் அதே குரல்தான் கேட்டது.

இன்னொன்று கடலிலேயே இருக்கிறது. கரையை விட்டுக் கொஞ்ச தூரம் போனால் சிக்னல் செத்துவிடும். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது, குமரி மாவட்டத்தின் ஆழ்கடல் படகுகள் அதற்கு முன்பே கிளம்பிப் போயிருந்தன. எச்சரிக்கை கரையில் இருந்தது, ஆட்கள் நடுக்கடலில் இருந்தார்கள். அதற்குப் பிறகுதான் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி வாங்கிப் படகில் இருக்கும் கைப்பேசிக்கு அனுப்பும் ஜெமினி கருவி 2019இல் வந்தது. அதில் வாங்கத்தான் முடியும், பதில் அனுப்ப முடியாது. இருவழியில் பேசும் டிரான்ஸ்பாண்டர்களை 1 லட்சம் படகுகளில் பொருத்தும் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கியது.

கரையில் குரல் வேறு வழிகளில் தொடர்கிறது. பாம்பனில் 2016 முதல் கடல் ஓசை என்ற சமூக வானொலி 90.4இல் ஒலிக்கிறது. மீனவர்களுக்காக, அவர்களுடைய பேச்சிலேயே. அலைச் செய்தியோடு பாட்டும் உண்டு. வீராம்பட்டினத்துக் குழாயின் வாரிசு என்று அதைத்தான் சொல்வேன், செயலியை அல்ல.

டிரான்ஸ்பாண்டர் திட்டம் விசைப்படகுக்கும் மோட்டார் பொருத்திய படகுக்கும்தான். துடுப்புப் போட்டுக் கட்டுமரத்தில் போகிறவர் அந்தக் கணக்கில் வரவில்லை. இன்றைக்குக் கடல் எப்படி என்று அவருக்குக் கரையில் யாராவது உரக்கச் சொல்ல வேண்டும்.